ஒரே கட்டைக்கு இரண்டு பெயர்

கருநாடக இசை பயிலத் தொடங்கும் மாணவனுக்கு முதலிற் கற்பிக்கப்படுவது மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்த சரளி வரிசை என்பதை யாவரும் அறிவர். பெங்களூர் போன்ற நகரங்களில் இம்மாணவர்களுள் பலர் வயலினையோ கீபோர்டையோ மேனாட்டு முறையிலும் உடன் பயில்கின்றனர். எனவே சரளி வரிசையை ஐந்து கோடுகள் கொண்ட மேனாட்டுக் குறிமுறையில் அச்சிட்டுத் தரவேண்டிய தேவை ஆசிரியர்களுக்கு ஏற்படுகிறது. ஆசிரியர் ஒருவர் கீபோர்டைக் கணிப்பொறியுடன் இணைத்து, இசைக்குறி எழுதும் மென்பொருளைத் திறந்து, ச ரி க ம ப த நி ச என எட்டுச் சுரங்களையும் வாசிப்பதாகக் கொள்வோம். திரையில் குறிகள் வரிசையாகத் தோன்றுகின்றன. அவற்றை மென்பொருளையே ஒலிக்கச் செய்து கேட்கிறார்; பிழை ஏதும் காதிற் படவில்லை. தாள் அச்சாகிறது. மறுநாள் மாணவர்கள் இரண்டாம் சுரத்திலேயே தடுமாறுகின்றனர்.

தாளைக் கூர்ந்து நோக்கினால் காரணம் விளங்கும். ஷட்ஜத்தைச் சி என்று வைத்துக்கொண்டால், மாயாமாளவகௌளையின் சுரங்கள் சி, டி ஃபிளாட், ஈ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி என்று எழுதப்பட வேண்டும். ஃபிளாட் என்பது அரைச்சுரம் இறக்கத்தையும், ஷார்ப் என்பது அரைச்சுரம் ஏற்றத்தையும் குறிப்பன. மென்பொருளோ டி ஃபிளாட்டுக்குப் பதிலாகச் சி ஷார்ப் என்றும், ஏ ஃபிளாட்டுக்குப் பதிலாக ஜி ஷார்ப் என்றும் எழுதிவைத்திருக்கிறது. கீபோர்டில் இவ்விரு பெயர்களுக்கும் உரியது ஒரே கறுப்புக் கட்டைதான். ஆகையால் ஒலி மாறுவதில்லை. ஆயின், தாளில் ரிஷபம் ஷட்ஜத்தின் கோட்டிலேயே அமர்ந்துவிட்டது. தைவதம் பஞ்சமத்தின் கோட்டில் ஏறிக்கொண்டது. ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் உரிய இடைவெளிகள் வெறுமையாகக் கிடக்கின்றன. கோடு, இடைவெளி, கோடு, இடைவெளி என்று படிப்படியாக ஏறவேண்டிய வரிசை நின்று நின்று தாவுகிறது.

இரண்டாவது சரளி வரிசையில் இத்தொல்லை இன்னும் பெரிதாகும். ச ரி ச ரி ச ரி க ம என்னும் எட்டுச் சுரங்களையும் இரண்டு குறுக்குக் கோடுகளுக்கு இடைப்பட்ட ஒரே பகுதிக்குள் எழுதுவதாகக் கொள்வோம். முறையாக எழுதினால் முதல் ரிஷபத்தின் முன் ஒரு ஃபிளாட் குறி இட்டாற் போதும். அப்பகுதி முடியும் வரை அது செல்லும். சி ஷார்ப் என்று எழுதினாலோ, ஒருமுறை ஷார்ப், அடுத்து அதனை நீக்கும் நேச்சுரல், மீண்டும் ஷார்ப், மீண்டும் நேச்சுரல், மீண்டும் ஷார்ப் என ஐந்து குறிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பத்து வயதுக் குழந்தை இதனைப் படிக்க இயலாமற்போவதில் வியப்பில்லை. பிள்ளைக்குச் சுரஞானம் இல்லை என்று அதன்மேற் குற்றம் சுமத்தப்படுவதுதான் வருந்தத்தக்கது.

கணிப்பொறி ஏன் இவ்வாறு செய்கிறது என்பதை அறிய, கீபோர்டு அதற்கு என்ன செய்தியை அனுப்புகிறது என்று பார்க்கவேண்டும். 1983-ஆம் ஆண்டு முதல் மின்னணு இசைக்கருவிகள் தம்முள் மிடி எனப்படும் பொதுவான முறையில் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. இம்முறையில் ஒவ்வொரு கட்டைக்கும் 0 முதல் 127 வரை ஓர் எண் உண்டு. நடுச் சியின் எண் 60. அதனையடுத்த கறுப்புக் கட்டையின் எண் 61. கட்டையை அழுத்தியவுடன் 61 என்னும் எண்ணும், அழுத்திய வேகத்தைக் குறிக்கும் மற்றோர் எண்ணும் செல்கின்றன. அச்சுரத்தின் பெயர் செல்வதில்லை. 61 என்பது சி ஷார்ப்பா, டி ஃபிளாட்டா என்பதை மென்பொருளே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் நாட்டுக் குறிமுறை இதற்கு நேர்மாறானது என்பது கருதத்தக்கது. நம் நூல்களில் ரி என்று மட்டுமே எழுதுகிறோம். அது சுத்த ரிஷபமா, சதுசுருதி ரிஷபமா, ஷட்சுருதி ரிஷபமா என்பதைத் தலைப்பிலுள்ள இராகத்தின் பெயரால் வாசிப்பவர் அறிந்துகொள்கிறார். நாம் பெயரை எழுதி ஸ்தானத்தை இராகத்துக்கு விட்டுவிடுகிறோம். மிடி முறையோ ஸ்தானத்தைச் சொல்லிப் பெயரை விட்டுவிடுகிறது.

ஒரு ஸ்தானத்துக்கு இரு பெயர் என்னும் செய்தி நம் ஆசிரியர்களுக்குப் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி சதுர்தண்டிப் பிரகாசிகையில் வகுத்த மேள முறை, இன்று வழங்கும் வடிவில், பன்னிரண்டு ஸ்தானங்களின்மேல் பதினாறு சுரப் பெயர்களைக் கொண்டது. சதுசுருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே ஸ்தானம். ஷட்சுருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் அவ்வாறே. தைவத நிஷாதங்களிலும் இவ்வாறே இரண்டு இணைகள் உள. கரகரப்பிரியாவில் சாதாரண காந்தாரமாக விளங்கும் அதே கட்டை, நாட்டையில் ஷட்சுருதி ரிஷபமாக நிற்கிறது. இரண்டையும் காந்தாரம் என்றே அழைப்பவரை எந்த ஆசிரியரும் திருத்துவார். மேனாட்டு இசையில் சி ஷார்ப், டி ஃபிளாட் என்னும் வேறுபாடும் இத்தகையதே. எந்தப் படியில் நிற்கும் சுரம் என்பதைப் பெயர் காட்டுகிறது. அது வெறும் எழுத்து வழக்கு அன்று.

பௌதிக நோக்கிலும் இவ்வேறுபாட்டுக்கு அடிப்படை உண்டு. சியின் அதிர்வெண் விநாடிக்கு 256 என்று கொள்வோம். அதற்கு அந்தர காந்தாரமாகிய ஈ, 5-க்கு 4 என்னும் விகிதப்படி 320 ஆகும். அந்த ஈயிலிருந்து அதே விகிதத்தில் மேலும் ஏறினால் கிடைக்கும் ஜி ஷார்ப்பின் அதிர்வெண் 400. இனி, மேல் ஷட்ஜமாகிய 512-இலிருந்து அதே விகிதத்தில் இறங்கினால் கிடைப்பது ஏ ஃபிளாட். அதன் அதிர்வெண் 409.6. இரண்டையும் ஒருங்கே ஒலித்தால் விநாடிக்கு ஏறத்தாழப் பத்து விம்மல்கள் எழும். எனவே இவை உண்மையில் இரு வேறு சுரங்களே. பன்னிரண்டு சம பாகங்களாகப் பிரிக்கப்பட்ட கீபோர்டில் இவ்விரண்டுக்கும் பொதுவாக 406.4 என்னும் ஒரே கட்டையை வைத்துச் சமாதானம் செய்திருக்கிறார்கள். வயலின் வாசிப்பவரும் பாடுபவரும் இச்சமாதானத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். தாளில் ஏ ஃபிளாட் என்று கண்டால் அவர் விரல் ஒரு விதமாகவும், ஜி ஷார்ப் என்று கண்டால் வேறு விதமாகவும் நாடும். 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கிவைத்தபோது எழுந்த வாதங்களுள் இக்கட்டைப் பிரிவினையும் ஒன்று. ஆர்மோனியம் பின்னர் வானொலிக்கு மீண்டது. கட்டைகளின் சமாதானம் அப்படியே நிற்கிறது.

மென்பொருள் எவ்வாறு ஊகிக்கிறது? பல்வேறு மென்பொருள்கள் பல்வேறு விதிகளைக் கையாளினும், அவற்றின் அடியில் பெரும்பாலும் காணப்படும் கருத்து ஒன்றுண்டு. சுரப் பெயர்களைப் பஞ்சம உறவுப்படி ஒரு நீண்ட வரிசையில் நிறுத்துவர்: எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி. இவற்றுக்கு வலப்பக்கம் ஷார்ப் பெயர்களும் இடப்பக்கம் ஃபிளாட் பெயர்களும் இதே ஒழுங்கில் தொடரும். சியைச் சுழி என்று கொண்டால் ஜி 1, டி 2, ஏ 3, ஈ 4, பி 5. எஃப் ஷார்ப் 6, சி ஷார்ப் 7, ஜி ஷார்ப் 8. இடப்புறம் எஃப் −1, பி ஃபிளாட் −2, ஈ ஃபிளாட் −3, ஏ ஃபிளாட் −4, டி ஃபிளாட் −5. ஓரிசையிலுள்ள சுரங்கள் இவ்வரிசையில் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி நிற்குமாறு பெயர்களைத் தேர்வதே மேற்படி கருத்தாகும். மேனாட்டு இசையின் பெரும்பகுதிக்கு இது நன்கு பொருந்தும்.

இவ்விதியை மாயாமாளவகௌளைக்குப் பொருத்திப் பார்ப்போம். சரியான பெயர்கள் டி ஃபிளாட்டாகிய −5 முதல் பியாகிய 5 வரை பரவியுள்ளன, பரப்பு 10. தவறான பெயர்களோ எஃப் ஆகிய −1 முதல் ஜி ஷார்ப்பாகிய 8 வரை, பரப்பு 9. விதியை நேர்மையாகக் கைக்கொள்ளும் இயந்திரம் தவறான பெயரையே தேர்ந்தெடுக்கும்! இது கணக்குப் பிழையன்று. நாட்டையிலும் இதே விளைவுதான். ஷட்சுருதி ரிஷபத்தையும் ஷட்சுருதி தைவதத்தையும் முறையே டி ஷார்ப், ஏ ஷார்ப் என்று எழுதினால் பரப்பு 11. ஈ ஃபிளாட், பி ஃபிளாட் என்று எழுதினால் 8. இயந்திரம் பின்னதையே கொள்ளும். தாளில் ரிஷபமும் தைவதமும் மறைந்து, இரண்டு காந்தாரமும் இரண்டு நிஷாதமும் நிற்கும். முதல் மேளமாகிய கனகாங்கியில் இரட்டை ஃபிளாட்டாக வரவேண்டிய சுத்த காந்தாரமும் சுத்த நிஷாதமும் வெறும் டி என்றும் ஏ என்றும் வந்து விழும். எழுபத்திரண்டு மேளங்களில் இவ்வாறு விவாதி சுரம் ஏற்றவை நாற்பது. ஒவ்வொரு படிக்கும் ஒரே சுரம் என்னும் நம் மேள விதியை அந்த இயந்திரத்துக்கு எவரும் கற்பிக்கவில்லை, குறை அவ்வளவே.

கருநாடக இசையை ஐந்து கோட்டில் ஏற்றும் முயற்சி கணிப்பொறியுடன் தோன்றியதன்று. சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893-இல் நம் கீர்த்தனைகளை மேனாட்டுக் குறிமுறையில் அச்சிட்டு வெளியிட்டார். அவர் தூண்டுதலே 1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி வெளிவரக் காரணங்களுள் ஒன்றாயிற்று. அவர்கள் காலத்தில் ஒவ்வொரு குறியையும் அறிந்தவர் ஒருவர் கையால் எழுதி, அச்சுக் கோப்பவரிடம் தந்தார். பெயரைத் தேர்ந்தது மனித அறிவே. மைசூர் மன்னராக இருந்த ஜயசாமராஜ உடையார் மேனாட்டுப் பியானோ இசையில் பயிற்சி பெற்றவர். பின்னர்க் கருநாடகக் கிருதிகளும் இயற்றினார். இரு முறைகளையும் ஒருவரே கற்பது இப்பகுதிக்கு அந்நியமன்று என்பதற்கு அவர் சான்று. பெங்களூரில் குடியிருக்கும் வயலின் வித்துவான் எல். சுப்பிரமணியம் 1985-இல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவுடன், சுபின் மேத்தாவின் தலைமையில், இராக அடிப்படையில் தாம் இயற்றிய இசையை வாசித்தார். இராகத்தை முன்பின் கேட்டிராத இசைஞர்கள் தாளை மட்டுமே பார்த்து வாசிக்கும் இடங்களில், அத்தாளின் சுரப்பெயர்கள் எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இனி, கார்டு எனப்படும் சுரக்கூட்டுகளைப் பார்ப்போம். பள்ளிச் சேர்ந்திசைக் குழுக்களில் சரளி வரிசைக்கும் சிறு கீதங்களுக்கும் கீழே கார்டுகள் சேர்த்து வாசிக்கும் வழக்கம் பரவியுள்ளது. இது முறையா என்பது வேறு வழக்கு, இங்கு வேண்டா. மாயாமாளவகௌளையின் ரிஷபத்தின்மேல் எழும் கார்டு டி ஃபிளாட், எஃப், ஏ ஃபிளாட் என்பது. மூன்றும் அடுத்தடுத்த இடைவெளிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு நிற்கும். இயந்திரம் எழுதும் சி ஷார்ப், எஃப், ஜி ஷார்ப் என்பதோ முதற்சுரம் கோட்டிலும், இரண்டாவது இடைவெளியிலும், மூன்றாவது அதனை ஒட்டிய கோட்டிலுமாகச் சிதறும். கார்டைப் பழகிய கண் அதனைக் கார்டு என்றே அடையாளம் காணாது. ஆகவே ஓர் எளிய சோதனை: மூன்று அல்லது நான்கு சுரங்கள் கொண்ட சாதாரணக் கார்டு, தன் மூலசுரத்தை அடியில் வைத்து எழுதப்படும்போது, எல்லாச் சுரங்களும் கோடுகளிலோ, எல்லாச் சுரங்களும் இடைவெளிகளிலோதான் அமையவேண்டும். ஒன்று விலகினால் அதன் பெயரை ஐயுறுக.

இதற்கு விலக்குகளும் உண்டு. ஏ ஃபிளாட், சி, ஈ ஃபிளாட், ஜி ஃபிளாட் என்பது ஒரு கார்டு. அதே நான்கு கட்டைகளில் கடைசியை எஃப் ஷார்ப் என்று எழுதினால் அது வேறொரு கார்டு. முன்னதில் மேற்சுரம் எஃப் நோக்கி இறங்கும். பின்னதில் ஜி நோக்கி ஏறும். பின்னது அடுக்கு மாறித் தோன்றினும் அதுவே சரி. சுரம் அடுத்து எங்கே செல்கிறது என்று பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

கார்டை உள்ளிடும்போது வேறு சில தொல்லைகளும் நேர்கின்றன. நேரடியாக வாசித்துப் பதிவு செய்கையில், ஒரே கார்டின் சுரங்கள் தனித்தனிச் சிறு சுரங்களாகச் சிதறுவதுண்டு. மிடியின் பழைய ஐந்துமுனைக் கம்பியில் விநாடிக்கு 31,250 துணுக்குகளே செல்லும்; ஒரு சுரத்தின் செய்திக்கு 30 துணுக்குகள் வேண்டும். எனவே நான்கு சுரங்களும் ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகவே வந்துசேர்கின்றன. ஆனால் உண்மைக் காரணம் இதுவன்று. நம் விரல்கள் கட்டைகளைத் தொடும் நேர வேறுபாடு இதனினும் பன்மடங்கு பெரிது. மென்பொருளில் மிகச் சிறு காலஅளவைப் பதினாறாம் பாகத்துக்கோ எட்டாம் பாகத்துக்கோ உயர்த்திவைத்தால் சிதறல் அடங்கும். அல்லது தாளத்துடன் வாசிப்பதை விடுத்து, ஒவ்வொரு கார்டாக நிறுத்தி உள்ளிடும் முறைக்கு மாறலாம். அம்முறையில் கட்டைகள் அனைத்தையும் விட்டெடுத்த பின்னரே அடுத்த கார்டு தொடங்கும். ஒரு விரல் அழுந்தியிருந்தால் அடுத்த கார்டும் இதனுடன் சேர்ந்துவிடும்.

கார்டின் பெயரை எழுத்தாக மேலே பொறிப்பது தனி வேலை. கீழேயுள்ள சுரத்தைத் திருத்தினாலும் மேலேயுள்ள பெயர் பெரும்பாலும் தானே மாறுவதில்லை; இரண்டையும் தனித்தனியே பார்க்கவேண்டும். ஜெர்மானிய மரபில் பி என்பது நாம் பி ஃபிளாட் என்பதையும், எச் என்பது நம் பியையும் குறிக்கும். மென்பொருளின் அமைப்பில் எவரேனும் அம்மரபைத் தெரிந்தோ தெரியாமலோ தேர்ந்துவிட்டால், பி என்று எழுதிய கார்டுகள் யாவும் அரைச்சுரம் பிறழும்.

தவறான பெயர் உடனே தீங்கு செய்யாமல் மறைந்திருந்து, சுருதி மாற்றும்போது வெளிப்படுவதும் உண்டு. மேற்சொன்ன சரளி வரிசையை ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு, அதாவது சியிலிருந்து டிக்கு மாற்றினால், ரிஷபம் ஈ ஃபிளாட் ஆகவேண்டும். பிழையான தாளில் அது டி ஷார்ப் ஆகும். ஒன்றரைக் கட்டைக்கு மாற்றினால் இன்னும் வேடிக்கை. ஷட்ஜம் சி ஷார்ப். சுத்த ரிஷபம் எளிய டியாக நிற்கவேண்டியது, இரட்டை ஷார்ப் இட்ட சியாக வந்து நிற்கும். முதற்பாடத்தில் இரட்டை ஷார்ப்!

தடுக்கும் வழி எளிதே. சுரங்களைக் கீபோர்டால் உள்ளிடாமல், கணிப்பொறியின் எழுத்துப் பலகையால் பெயர் சொல்லி உள்ளிடுவதே முதல் வழி. கட்டணமின்றிக் கிடைப்பதும் பள்ளிகளுக்கு ஏற்றதுமான மியூஸ்ஸ்கோர் மென்பொருளில், டி என்னும் எழுத்தை அழுத்திப் பின் கீழ்நோக்கிய அம்பை அழுத்தினால் டி ஃபிளாட் கிடைக்கும். சி எழுதி மேல்நோக்கிய அம்பை அழுத்தினால் சி ஷார்ப். ஒலி ஒன்றே, தாள் வேறு. கார்டில் அடுத்த சுரத்தைச் சேர்க்க ஷிஃப்ட் விசையுடன் எழுத்தை அழுத்தவேண்டும். அதனை மறந்தால் சுரம் மேலே அமராமல் பக்கத்தில் போய் நிற்கும். பாடத்தின் தொடக்கத்திலேயே டி, ஏ ஆகிய இரண்டுக்கு மட்டும் ஃபிளாட் இட்ட தனிப்பட்ட சுருதிக்குறி ஒன்றை அமைத்துக்கொள்ளவும் இம்மென்பொருள் இடந்தருகிறது. மேனாட்டு வழக்கில் இத்தகைய குறி இல்லை. ஆயினும் மாயாமாளவகௌளைப் பாடங்கள் முழுவதற்கும் இதுவே மிக வசதியானது.

முன்னரே எழுதி முடித்த தாளில் பிழை கண்டால், அச்சுரத்தைத் தேர்ந்து ஜே விசையை அழுத்த, பெயர் மாறும். வேண்டிய பெயர் வரும் வரை அழுத்தலாம். தாள் முழுவதன் பெயர்களையும் ஒருங்கே திருத்தித் தருவதாகச் சொல்லும் கட்டளையும் உண்டு. அதனை நம் இராகங்களுக்குப் பயன்படுத்தாதிருப்பதே நன்று. அதுவும் முன்சொன்ன ஊகத்தையே மீண்டும் செய்யும். கையால் திருத்தியவற்றையும் கலைத்துவிடக்கூடும்.

எழுதிய தாளை வேறு பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ அனுப்பும்போது, மிடி கோப்பாக அனுப்பினால் பட்ட பாடு அனைத்தும் வீண். அதில் மீண்டும் எண்கள் மட்டுமே செல்லும். பெறுபவரது மென்பொருள் தன் ஊகத்தைப் புதிதாகத் தொடங்கும். மியூசிக்எக்ஸ்எம்எல் என்னும் கோப்பு வகையில் ஒவ்வொரு சுரத்துக்கும் எழுத்துப் பெயர், ஏற்ற இறக்கம், ஸ்தாயி ஆகிய மூன்றும் தனித்தனியே பதிவாகின்றன. 1988-இல் வெளிவந்து நெடுங்காலம் வழங்கிய ஃபினாலே மென்பொருளின் தயாரிப்பு 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. அதில் எழுதிய பழைய பாடங்களை வைத்திருப்போர், அம்மென்பொருள் இயங்கும் கணிப்பொறி கையில் உள்ளபோதே அவற்றை இவ்வகைக்கு மாற்றி வைத்துக்கொள்ளவேண்டும்.

சரிபார்க்கும் வேலையைக் காதுக்கு விடுவதில் பயனில்லை. இரு பெயர்களும் ஒன்றாகவே ஒலிக்கும். ஆரோகணத்தை மட்டும் தனியே ஒரு வரியில் எழுதிக் கண்ணாற் பார்க்கவேண்டும். ஏழு சுரம் கொண்ட இராகத்தில் கோடும் இடைவெளியும் மாறிமாறி வரவேண்டும். வராளிக்குரிய மேளமாகிய ஜாலவராளியைச் சியில் எழுதினால் சி, டி ஃபிளாட், ஈ இரட்டை ஃபிளாட், எஃப் ஷார்ப், ஜி, ஏ ஃபிளாட், பி என்று வரும். இரட்டை ஃபிளாட்டைக் கண்டு அஞ்சி அதனை டி என்று எளிதாக்கிவிடும் ஆசிரியர்களும் உளர். அவ்வாறு செய்தால் மாணவன் அதனை ரிஷபம் என்றே பாடி வைப்பான்.